கொறங்காட்டில் பகலில் பறக்கும் புள்ளிப்பூச்சி பட்டாம்பூச்சியா? எந்தக் குடும்பம்?

முதலில் கேள்வியைத் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன், அப்போதுதான் பதில் தடம் மாறாமல் இருக்கும். தாராபுரத்துக்குப் பக்கத்தில் உங்களுக்குக் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காடு, இருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு காலையில் மாடு ஓட்டிக்கொண்டு போகும்போது, காலடிப் புல்லிலிருந்து வெள்ளை நிறத்தில், சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி வைத்த ஒரு சின்னப் பூச்சி எழுந்து பறந்து, பத்தடி தள்ளி மறுபடியும் புல்லிலேயே உட்கார்ந்துவிடுகிறது. பட்டப்பகலில் பறப்பதால் பட்டாம்பூச்சி என்கிறாள் உங்கள் மகள். விட்டில் என்கிறார் உங்கள் அப்பா. இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் ஆர்க்டிடே குடும்பம் என்கிறது, இன்னொன்று நாக்டுயிடே என்கிறது, மூன்றாவது எரிபிடே என்கிறது. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: பசுந்தாள் உரத்துக்கு விதைத்த சணப்பையிலும் இதுவே சுற்றுகிறது, மருந்தடிக்கலாமா என்று. பெயரைக் கேட்பது போல் இருந்தாலும், ஒரே பூச்சிக்கு மூன்று குடும்பம் எப்படி வந்தது, யார் சொல்வதை எடுத்துக்கொள்வது என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் பூச்சியியல் படித்து, முப்பது வருடத்துக்கு மேல் கொங்குப் பக்கத்துக் காடுகழனிகளில் பூச்சி பார்த்து வருபவன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா சொன்னதுதான் சரி. இது விட்டில், அதாவது அந்துப்பூச்சி. நீங்கள் போட்ட படத்தில் முன்னிறகு பால்வெள்ளையாக இருக்கிறது. அதன்மேல் குங்குமம் தொட்டு வைத்தது போலச் சிவப்புப் புள்ளிகள், இடையிடையே சின்னச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள். பறந்தபோது எடுத்த இரண்டாவது படம் மங்கலாக இருந்தாலும் அதுதான் அதிகம் உதவியது. பின்னிறகு வெள்ளை, அதன் ஓரத்தில் ஒழுங்கில்லாத கறுப்புக் கரை. இந்தச் சேர்க்கை நம் ஊரில் ஒரே பேரினத்துக்குத்தான் உண்டு. அதன் பெயர் யூட்டெதீசா. இறகை விரித்தால் மூன்று முதல் நான்கு சென்டிமீட்டர் வரும். உட்காரும்போது இறகை உடம்போடு சுற்றிக்கொள்ளும். புல்தாளில் பார்த்தால் சுருட்டி வைத்த சின்ன வெள்ளைக் காகிதம் போலத் தெரியும். நீங்கள் "உட்கார்ந்ததும் காணாமல் போகிறது" என்று எழுதியிருப்பது இதனால்தான்.

குழம்ப வாய்ப்புள்ள வேறு இரண்டையும் சொல்லிவிடுகிறேன். ஆர்ஜினா ஆஸ்ட்ரியா என்று ஒன்று இதே சணப்பையில் வரும். ஆனால் அதன் இறகு ஆரஞ்சு நிறம், கறுப்புப் புள்ளியைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும். அமாட்டா பாசாலிஸ் என்பது குளவி போல இருக்கும். கறுப்பு இறகில் கண்ணாடி பதித்தது போல ஒளி ஊடுருவும் கட்டங்கள், வயிற்றில் மஞ்சள் பட்டை. இரண்டுமே பகலில் கண்ணில் படுபவை, இரண்டுமே உங்கள் பூச்சிக்கு நெருங்கிய உறவு. ஆனால் உங்கள் படத்தில் இருப்பது இவை இரண்டும் இல்லை.

இப்போது மகளுக்குச் சொல்ல வேண்டியது. பகலில் பறப்பது பட்டாம்பூச்சி, இரவில் பறப்பது அந்து என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பாள். அது ஓரளவுக்குத்தான் சரி. உணர்கொம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டாம்பூச்சிக்கு அதன் நுனி தீக்குச்சித் தலை போலத் தடித்திருக்கும். இந்தப் பூச்சிக்கு நுனி வரை நூல் போல மெலிந்தே போகும். இன்னொரு அடையாளம், பின்னிறகின் அடியிலிருந்து ஒரு விறைப்பான மயிர் நீண்டு, முன்னிறகின் அடியில் இருக்கும் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். இரண்டு இறகும் சேர்ந்து அடிப்பதற்கு இயற்கை வைத்த தாழ்ப்பாள் அது. பெரும்பாலான அந்துக்களுக்கு இந்தத் தாழ்ப்பாள் உண்டு, பட்டாம்பூச்சிகளுக்கு ஏறக்குறைய இல்லை. இதைப் பார்க்க இறந்த பூச்சியும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும்.

பகல், இரவு என்பது பழக்கம். பழக்கத்தை வைத்து உறவு சொல்ல முடியாது. செதில் இறகு உள்ள இந்த முழு வரிசையில், அதாவது லெபிடாப்டெராவில், இதுவரை பெயர் வைக்கப்பட்டவை சுமார் 1,60,000 சிற்றினங்கள். அதில் பட்டாம்பூச்சிகள் 19,000 அளவுதான், மற்றதெல்லாம் அந்து. பட்டாம்பூச்சி என்பதே அந்துக்களின் பெரிய மரத்தில் பகலுக்கு மாறிப்போன ஒரு கிளை. அப்படிப் பகலுக்கு மாறியவை வேறு பல கிளைகளிலும் தனித்தனியாக உண்டு, உங்கள் புள்ளிப்பூச்சியும் அப்படித்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பகலில் மட்டும் பறப்பதும் இல்லை. இரவில் களத்து விளக்குக்கும் வரும். தோட்டத்துச் சாளையில் வெள்ளைத் துணி கட்டி விளக்குப் போட்டு உட்கார்ந்த இரவுகளில் நானே பார்த்திருக்கிறேன்.

சரி, குடும்பக் குழப்பத்துக்கு வருவோம். 1758இல் ஸ்வீடனின் கார்ல் லின்னேயஸ் தன் வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில் இந்தப் பூச்சிக்கு புல்செல்லா என்று பெயர் வைத்தார். லத்தீனில் சின்ன அழகி என்று பொருள். அவர் கணக்கில் அந்துப்பூச்சிகள் அத்தனையும் ஃபலீனா என்ற ஒரே பேரினம். அதற்குள் இதை டீனியா என்ற பிரிவில், துணி அரிக்கும் அந்துகளோடு சேர்த்து வைத்தார். உருவத்தை மட்டும் பார்த்துப் பிரித்த காலம் அது, அப்படி வைத்ததில் தவறு சொல்ல முடியாது. 1819இல் ஜெர்மனியின் ஹியூப்னர் யூட்டெதீசா என்ற பேரினத்தை உருவாக்கினார். இடையில் டையோப்பியா என்ற பெயரும் புழங்கியது. பழைய வெள்ளைக்காரர் காலத்துப் புத்தகங்களில் அந்தப் பெயரைப் பார்த்தால் வேறு பூச்சி என்று நினைத்துவிட வேண்டாம்.

குடும்பம் என்று வரும்போது, இருபதாம் நூற்றாண்டு முழுக்க இது ஆர்க்டிடே குடும்பத்தில்தான் இருந்தது. ஆர்க்டிடே என்றால் கரடிக் கூட்டம். புழுக்களின் உடம்பில் கரடி போல மயிர் இருப்பதால் அந்தப் பெயர். நான் படித்ததும் அப்படித்தான், என் பழைய பூச்சிப்பெட்டிகளில் ஒட்டிய சீட்டிலும் அதுதான் இருக்கிறது. 2006இல் லாஃபோன்டேன், ஃபைபிகர் என்ற இரண்டு அறிஞர்கள் இறகு நரம்புகளை அடிப்படையாக வைத்து, ஆர்க்டிடேயையும் இன்னும் சில குடும்பங்களையும் நாக்டுயிடே என்ற பெரிய குடும்பத்துக்குள் கொண்டுவந்தார்கள். நீங்கள் பார்த்த இரண்டாவது பதில் அந்தக் காலத்தில் எழுதப்பட்டது. அதற்குப் பிறகு மரபணு வந்தது. ரெசா ஜஹிரியும் உடன் ஆய்வாளர்களும் எட்டு மரபணுப் பகுதிகளை ஒப்பிட்டு 2011இல் ஒரு கட்டுரையும், எரிபிடேவுக்கென்றே 2012இல் இன்னொன்றும் வெளியிட்டார்கள். கரடிக் கூட்டம் முழுவதும் எரிபிடே என்ற குடும்பத்தின் ஒரு கிளையாக உள்ளே போய் உட்கார்ந்தது. ஆகவே மூன்று பதிலும் அந்தந்தக் காலத்துச் சரியான பதில்தான். இன்றைக்கு எழுத வேண்டியது: பெருங்குடும்பம் நாக்டுயோய்டியா, குடும்பம் எரிபிடே, துணைக்குடும்பம் ஆர்க்டினே, பேரினம் யூட்டெதீசா.

கூர்ந்து பார்த்தால் கரடிக் கூட்டம் கலையவே இல்லை. அதே பூச்சிகள் அதே கூட்டமாகத்தான் இருக்கின்றன, ஒரு படி கீழே இறங்கித் துணைக்குடும்பமாகிவிட்டன, அவ்வளவுதான். பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று கூடுதலாகத் தெரிந்துகொண்டோம். எல்லாப் படியும் இப்படி ஆடுவதும் இல்லை. நாக்டுயோய்டியா என்ற பெருங்குடும்பத்துக்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. மார்பின் கடைசிக் கண்டத்தில், வயிறு சேரும் இடத்தில், ஒரு மெல்லிய சவ்வு மூடிய காது. வௌவால் எழுப்பும் மீயொலியைக் கேட்கும் காது அது. பகலில் பறக்கிற உங்கள் பூச்சிக்கும் அது இருக்கிறது. எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இனி சந்தேகத்துக்கு உரியது. பேரினம் யூட்டெதீசா என்று அடித்துச் சொன்னேன், சிற்றினத்தை அப்படிச் சொல்ல மாட்டேன். லின்னேயஸின் புல்செல்லா ஒன்று. 1770களில் டச்சுக்காரர் கிராமரின் நூலில் வந்த லோட்ரிக்ஸ் ஒன்று. 1907இல் ஜார்ஜ் ஹாம்ப்சன் பெயர் வைத்த புல்செல்லாய்டிஸ் ஒன்று, அதாவது புல்செல்லாவைப் போன்றது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் வெறும் கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும். ஒரே சிற்றினத்திலும் ஒன்றில் சிவப்பு அடர்ந்தும் ஒன்றில் வெளிறியும் வரும். 1939இல் கார்ல் ஜோர்டன் பழைய உலகத்து, அதாவது அமெரிக்கக் கண்டங்கள் அல்லாத பகுதிகளின், யூட்டெதீசாக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்த வேறுபாடு நிலையானது, எது ஆளுக்கு ஆள் மாறுவது என்று தனியாக ஆராய்ந்து எழுத வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண் பூச்சியின் வயிற்று நுனியைப் பிரித்து, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் நம்பிக்கையாகச் சொல்ல முடியும். கைபேசிப் படத்தை வைத்து யாராவது "இது புல்செல்லாவேதான்" என்று எழுதினால் அதை ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்டால், சணப்பையிலும் அதன் இனமான கிலுகிலுப்பைச் செடியிலும் வளர்வதை வைத்து லோட்ரிக்ஸையும் புல்செல்லாவையும் முதலில் நினைப்பேன், அதற்கு மேல் போக மாட்டேன்.

ஹாம்ப்சன் பெயர் வந்ததால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், நம் பக்கத்து விஷயம். அவர் இங்கிலாந்திலிருந்து நீலகிரிக்குத் தேயிலைத் தோட்டம் போட வந்தவர். அந்த மலையில்தான் அவருக்கு அந்துப்பூச்சி ஆசை பிடித்தது. நீலகிரி அந்துகளைப் பற்றி 1891இல் அவர் எழுதியது அச்சில் வந்தது. பிறகு லண்டன் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து உலகத்து அந்துகளையே வரிசைப்படுத்தினார். மேட்டுப்பாளையத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலையில் தொடங்கிய வேலை. கோவையில் பூச்சியியல் படிக்கிற பிள்ளைகளில் பல பேருக்கு இது தெரிவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இப்போது கொறங்காட்டுக்கு வருவோம், ஏனென்றால் இந்தப் பூச்சி ஏன் பயமில்லாமல் பகலில் பறக்கிறது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். இதைத்தான் கொறங்காடு என்றால் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் மழைக்குப் பிறகு புல்லுக்கு நடுவே மஞ்சள் பூப்பூத்து ஒரு செடி வருமே, காய் காய்ந்தால் உள்ளே விதை உருண்டு சலங்கை போல ஒலிக்குமே, கிலுகிலுப்பை, அதுதான் இந்தப் பூச்சியின் வீடு. அதன் அறிவியல் பெயர் குரோட்டலேரியா. கிரேக்கத்தில் குரோட்டலான் என்றால் கிலுகிலுப்பை என்றே பொருள். அவர்களும் நாமும் ஒரே ஒலியைக் கேட்டுத்தான் பெயர் வைத்திருக்கிறோம். சணப்பையும் இதே பேரினம். உங்கள் பூச்சி கொறங்காட்டிலும் சணப்பை வயலிலும் இருப்பது இதனால்தான்.

தை மாதம் ஒரு காலையில் மூலனூர்ப் பக்கம் ஒரு கொறங்காட்டில் கிலுகிலுப்பைக் காயைப் பறித்துப் பார்த்தேன். ஊதிய பச்சைக் காய், பக்கவாட்டில் குண்டூசித் தலையைவிடப் பெரிதாக ஒரு ஓட்டை. நகத்தால் பிளந்தால் உள்ளே பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு ஒரு புழு. சாம்பல் கறுப்பு உடம்பு, முதுகில் நீளமாக வெள்ளைக் கோடு, கண்டத்துக்குக் கண்டம் ஆரஞ்சுத் தீற்று, மேலே மெல்லிய மயிர். இளம் விதைகளில் நாலைந்தைக் குடைந்து முடித்திருந்தது. அது விதைக்குப் போனதற்குக் காரணம் உண்டு. கிலுகிலுப்பையின் நஞ்சு, பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள், விதையில்தான் செறிந்திருக்கும். மற்ற உயிர்களின் கல்லீரலைக் கெடுக்கும் அந்த நஞ்சை இந்தப் புழு தின்று, தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. கூட்டுப்புழுவாகி, இறகு முளைத்துப் பறக்கும்போதும் அந்த நஞ்சு உடம்பிலேயே இருக்கும். வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று பளிச்சென்று இருப்பது "என்னைத் தின்னாதே" என்ற அறிவிப்பு. இரவில் அந்த அறிவிப்பைப் படிக்க ஆள் இல்லை, பகலில் இருக்கிறார்கள்.

இதில் நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது நம் பூச்சியின் அமெரிக்கச் சொந்தக்காரர், யூட்டெதீசா ஆர்னாட்ரிக்ஸ். கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னர் பல வருடம் அதன் பின்னால் அலைந்தார். பொன்னிற வலை பின்னும் நெஃபிலா சிலந்தியின் வலையில் அந்தப் பூச்சி விழுந்தால், சிலந்தி ஓடி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, சுற்றியுள்ள இழைகளை ஒவ்வொன்றாக வெட்டி அதைக் கீழே விட்டுவிடுகிறது. நஞ்சில்லாத பயறு உணவில் வளர்த்த பூச்சியைப் போட்டால் அப்படியே தின்றுவிடுகிறது. ஆண் பூச்சி பெண்ணைக் கவர விடும் வாசனைகூட அந்த நஞ்சிலிருந்தே செய்யப்படுவதுதான். கூடும்போது நஞ்சில் ஒரு பங்கைப் பெண்ணுக்குக் கொடுக்கிறது, பெண் அதை முட்டைகளுக்குக் கொடுத்துக் காப்பாற்றுகிறது. இதெல்லாம் ஆர்னாட்ரிக்ஸில் நிறுவப்பட்டவை. நம் ஊர்ப் பூச்சியும் அதே நஞ்சைச் சேர்க்கிறது, அதனால் பெருமளவு பொருந்தும். ஆனால் ஒவ்வொரு விவரமும் அச்சாக அப்படியே இருக்கும் என்று நான் எழுத மாட்டேன்.

நான் கண்டதையும் சொல்கிறேன். மேய்கிற மாட்டின் முதுகில் கரிச்சான் உட்கார்ந்து, மாட்டின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளியைப் பாய்ந்து பாய்ந்து பிடிக்கும், நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். அதே காலடியில் இந்தப் புள்ளிப்பூச்சி எழும்பும்போது கரிச்சான் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தபடியே இருந்ததை மூன்று நான்கு முறை கவனித்திருக்கிறேன். மூன்று நான்கு முறை என்பது ஆய்வு ஆகாது. உங்களுக்குத் தினமும் வாய்ப்பு இருக்கிறது, மகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: எழும்பியது எத்தனை, கரிச்சான் பிடித்தது எத்தனை. ஒரு மழைக்காலம் எழுதினால் என் கணக்கைவிட அவள் கணக்கு பெரிதாகிவிடும். கூடவே இன்னொன்றையும் பார்க்கலாம். காய்ந்த கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்குச் செடியிலும் நீலப்புலிப் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக மொய்த்துக்கொண்டிருக்கும். அவையும் தேடி வருவது இதே நஞ்சைத்தான். உறவே இல்லாத இரண்டு கூட்டம் ஒரே கடையில் சரக்கு வாங்குகின்றன.

கடைசியாக மருந்து. பசுந்தாளுக்கு விதைத்த சணப்பை என்றால் மருந்தே வேண்டாம். ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள், பூக்கும் பருவத்தில் மடக்கி உழப்போகிறீர்கள். புழு நாலு இலையைத் தின்றாலும் அதன் கழிவும் அதே மண்ணுக்குத்தான் போகிறது. விதைக்கு விட்ட சணப்பை என்றால் கதை வேறு, காயைக் குடைவதால் விதை குறையும். அப்போதும் முதலில் புழுவைக் கையால் பொறுக்கிப் பாருங்கள், பளிச்சென்று தெரிவதால் பொறுக்குவது எளிது. அதற்கு மேல் போனால் உங்கள் வட்டார வேளாண் அலுவலரிடம் வயலைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள். தூரத்திலிருந்து மருந்துப் பெயர் எழுதுவது என் வழக்கம் இல்லை.

மாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் காங்கேயம் மாடு வைத்திருப்பவருக்குச் சொல்லாமல் விடக் கூடாது. பூச்சியால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, கவனிக்க வேண்டியது செடியைத்தான். கிலுகிலுப்பை வகைகள் பலவற்றில் அந்த நஞ்சு இருக்கிறது. குதிரைக்கும் மாட்டுக்கும் அது கல்லீரலைத் தாக்கும், ஆடு ஓரளவு தாங்கும். புல் இருக்கும் வரை மாடு அதைத் தானே ஒதுக்கிவிடும். புல் தீர்ந்து, காய்ந்த கிலுகிலுப்பை மட்டும் நிற்கிற சித்திரை வைகாசியில் காய் பிடித்த செடிகளை மாட்டுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சணப்பைத் தழையில் நஞ்சு குறைவு, விதையைத் தீவனத்தில் கலக்க வேண்டாம். மாடு இரை எடுக்காமல் மெலிந்துகொண்டே வந்தால் கால்நடை மருத்துவரிடம் "காட்டில் கிலுகிலுப்பை இருக்கிறது" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த முறை படம் எடுக்கும்போது, காலையில் பனி காய்வதற்கு முன் போங்கள், பூச்சி குளிரில் மெதுவாக இருக்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து, பின்னிறகு தெரிகிற மாதிரி ஒன்று, அது உட்கார்ந்திருந்த செடியை ஒன்று, செடியில் புழு இருந்தால் அதையும் ஒன்று எடுத்துப் போடுங்கள். இறந்து கிடக்கும் ஆண் பூச்சி கிடைத்தால் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்து வையுங்கள். வயிற்று நுனியைப் பிரித்துப் பார்த்துவிட்டு எந்தச் சிற்றினம் என்று அப்போது எழுதுகிறேன்.